மூன்று இரவுக் கூடாரம்

குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கிச் செல்லும் பயணம் மேல்நாட்டாருக்கு உரியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் மாமியார் அதனை ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில், உவரி அந்தோனியார் கோயில் திருநாளுக்கு ஊரிலிருந்து மாட்டுவண்டிகள் வரிசையாகப் புறப்படுமாம். வண்டிக்குள் அரிசி, பருப்பு, விறகு, காலைக் கட்டிய கோழிகள், இவற்றுக்கு நடுவே பிள்ளைகள். கடற்கரை மணலில் வண்டியை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியிலிருந்து ஓலைப்பாயை இழுத்துக் கட்டினால் அதுவே வீடு. திருநாள் முடியும்வரை சமையலும் செபமும் உறக்கமும் அங்கேதான். “அதுக்குப் பேரு நேர்ச்சை. இப்ப நீங்க செய்யறதுக்குப் பேரு என்னவோ?” என்று அவர் எங்களைக் கேட்டார். பழைய ஏற்பாட்டு மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாட்கள் இலைக் குடில்களில் தங்கிக் கூடாரத் திருவிழாக் கொண்டாடியதை எண்ணினால், எங்கள் பழைய ஆம்னி வண்டியின் மேல் கட்டிவைத்த நீலக் கூடாரம் அப்படியொன்றும் புதுமையானதன்று.

இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் நாங்கள் அறுவர் புறப்பட்டோம். என் கணவர், மாமியார், நான், பிள்ளைகள் மூவர். மணப்பாட்டிலிருந்து கடற்கரையை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்று, தூத்துக்குடி, மண்டபம், பாம்பன் தீவு, காரங்காடு ஆகியவற்றைக் கண்டு திரும்புவது திட்டம். இப்படி ஒரு பயணம் வேண்டும் என்று மூத்த மகள் கேட்டது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஆண்டில். விலங்கியல் படித்துப் பட்டம் பெற்று, ஓராண்டு பள்ளியொன்றில் கற்பித்தும் விட்டாள். இப்போது அவள் கேட்டது வேறொன்று. ஜூன் மாதம் கன்னியர் மடத்தில் சேர அவள் முடிவு செய்திருந்தாள். மடத்திலிருந்து, கொண்டுவரவேண்டிய பொருட்களின் பட்டியல் நவம்பரிலேயே அஞ்சலில் வந்தது. அவளுடைய தந்தை வேண்டாம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்தத் தாள் அலமாரியில் செபப்புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. அவர் அதனைத் தொடவேயில்லை. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, யாரிடமும் சொல்லாமல், கூடாரத்தை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

மன்னார் வளைகுடாவுக்குச் செல்ல விரும்புவோருக்கு ஒரு செய்தி. மார்கழிக்குப் பின் பங்குனிவரை அப்பக்கத்துக் கடல் அமைதியாயிருக்கும். வைகாசியில் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அலை பெரிதாகிவிடும். தீவைச் சுற்றிக்கொண்டு பாக் நீரிணைப் பக்கம் சென்றால் கணக்கு தலைகீழ்: தை மாதத்து வாடைக்காற்று அங்கேதான் முழு வேகத்தோடு அடிக்கும். இராமேசுவரம் தீவின் மக்கள் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் அழைக்கிறார்கள். எந்தக் கடலின் ஓரத்தில் எந்தக் காலத்தில் கூடாரம் அடிப்பது என்று தெரியாமல் புறப்படுகிறவர்களுக்கு உறக்கம் கிடைக்காது. எங்களுக்கும் ஓர் இரவு கிடைக்கவில்லை. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

பொங்கல் நாளன்று திருப்பலி கண்டு, சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மாலையில் மணப்பாட்டை அடைந்தோம். கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், கீழே அலைகள் செதுக்கிய பாறை. புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமி ஒருவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து இக்குன்றில் நட்டார் என்பது ஊர்மக்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. குன்றின் அடியில், கடலைப் பார்த்த பக்கத்தில், புனித சவேரியார் தங்கியிருந்த குகை இருக்கிறது. அவர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ஆம் ஆண்டில். கடலோர மக்களில் பல்லாயிரவர் அதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும், செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் இருந்தார்கள். தமிழ் அறியாத அவர், இங்குள்ளவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். உச்சரிப்பு எப்படி இருந்திருக்குமோ! சிறுவர்கள் சிரித்திருப்பார்கள் என்று என் கடைசி மகள் உறுதியாகக் கூறினாள்.

பங்குத்தந்தையின் அனுமதி பெற்று, கோயிலைச் சார்ந்த மைதானத்தின் ஓரத்தில் இடம் பிடித்தோம். இங்கே எங்களுக்குக் கிடைத்தது மிகப் பயனுள்ள ஒரு பாடம். கூடாரத்தோடு வந்த இரும்பு முளைகளை மகன் மணலில் அடித்தான்; கயிற்றை இழுத்துக் கட்டியவுடன் முளை வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வெளியே வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சற்றுநேரம் வேடிக்கை பார்த்தபின் எழுந்து வந்தார். “மணல்ல முளை நிக்காது தம்பி. மணலுக்கு மணலைத்தான் கட்டணும்” என்றார். வெறும் அரிசிப் பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, முழங்கால் ஆழத்தில் புதைக்கச் சொன்னார். அதன்பின் நான்கு பேர் இழுத்தும் கயிறு அசையவில்லை. பெட்டியோடு வந்த விளக்கத்தாளில் பன்னிரண்டு மொழிகளில் குறிப்புகள் இருந்தன. இந்த ஒன்று எதிலும் இல்லை.

மாமியார் கூடாரத்துக்குள் படுக்க மறுத்துவிட்டார். “கல்லறைக்குள்ள போறதுக்கு முந்தி பழக வேண்டாம்” என்று சொல்லி, வண்டியின் பின்னிருக்கையில் கோரைப்பாயை விரித்துக்கொண்டார். கூடாரத்தின் வாயிலைத் திறந்துவைத்து, எல்லோருமாகச் செபமாலை சொன்னோம். கடைசி மகள் மூன்றாம் காரணிக்கத்திலேயே உறங்கிப்போனாள். பிரார்த்தனையின்போது மாமியார் வண்டிக்குள்ளிருந்து பதில் சொன்ன குரலும் அலையோசையும் மாறிமாறி வந்தன. செபம் முடிந்ததும் மூத்தவள் எழுந்து குகைப்பக்கம் நடந்தாள். சற்றுநேரம் கழித்து என் கணவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அவர் ஏதோ பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன். இருவரும் திரும்பி வந்தபோது, பாறையில் நண்டுகள் மிகுதி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை தூத்துக்குடி. பனிமய மாதா பேராலயத்தில் அன்னையின் சுரூபத்தின் முன் சிறிதுநேரம் முழந்தாளிட்டோம். பிலிப்பைன்சு தீவுகளின் மணிலாவிலிருந்து 1555-இல் கடல்வழியாக வந்தது அச்சுரூபம் என்பது இந்த மறைமாவட்டத்தார் எல்லோரும் அறிந்ததே. இவ்வூர்க் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதன்பிறகு துறையின் பெயர் மட்டுமே முத்துக்குளித்துறை. நகருக்கு வெளியே உப்பளங்கள் கண்ணாடிச் சதுரங்களாகப் பரந்து கிடந்தன. மழைக்குப்பின் பாத்திகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகத்தின் பக்கம் சாலைவழியாகவே செல்லக்கூடிய முயல்தீவு என்னும் கடற்கரையில் மதிய உணவு உண்டோம். காணும் பொங்கலன்று ஊர் முழுவதும் திரளும் இடம் அது. நாங்கள் ஒரு நாள் முந்திச் சென்றதால் நிழல் கிடைத்தது. மண்டபத்துக்கு எதிரேயும் முயல்தீவு என்று ஒன்று உண்டு. அது உண்மையான தீவு, தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென எண்ணிக் குழம்புவோர் பலர். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஏற்படுத்தப்பட்டது. மூத்தவள் தம்பிக்கும் தங்கைக்கும் மணலில் கோடு போட்டு இதனை விளக்கினாள். ஒரு முனையில் வான் தீவு, மறுமுனையில் சிங்கிள் தீவு. கோட்டின் மேல் சிப்பிகளை வைத்துக்கொண்டே வந்தவள் இரண்டு சிப்பிகளைத் திரும்ப எடுத்துவிட்டாள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற அவ்விரு தீவுகளும் இப்போது நீருக்கு அடியில் இருக்கின்றன.

காரணம் கேட்டால் வருத்தமாயிருக்கிறது. தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள்தாம் அவற்றுக்கு மதில். சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்குமாகப் பல ஆண்டுகள் அந்த மதிலை வெட்டி எடுத்தார்கள். மதில் போனபின் அலை மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001-இல்தான் வந்தது. ஏறக்குறைய 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2 ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டு முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைத் திட்டுகளைக் கடலில் இறக்கிக் காப்பாற்ற முயன்று வருகிறார்கள். “வெட்டுனவங்க எல்லாரும் கெட்டவங்களாக்கா?” என்று கடைக்குட்டி கேட்டாள். “கல்லு வித்தாத்தான் அடுப்பு எரியும்னு இருந்தவங்கதான் நிறையப் பேரு” என்றாள் மூத்தவள். என் கணவர் தள்ளி உட்கார்ந்து புளிச்சோறு உண்டுகொண்டிருந்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

வேம்பாறு, சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. பனைமரங்களும் உடைமரங்களும், ஒரு பக்கம் தர்காவும் ஒரு பக்கம் குருசடியும், ஊர்க்கோடியில் அய்யனார் குதிரையுமாக அந்த வழி நெடுகிலும் மூன்று சமயத்தாரும் ஒரே உப்புக்காற்றைச் சுவாசித்து வாழ்கிறார்கள். வழியில் வண்டி ஒருமுறை சூடேறி நின்றதைத் தவிர எழுத ஒன்றுமில்லை.

இருட்டும் நேரத்தில் உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான் கடற்கரையை அடைந்து, உரியவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சவுக்குத் தோப்பில் கூடாரத்தை அமைத்தோம். அது பாக் நீரிணைக் கரை. நள்ளிரவில் வாடை எழுந்தது. சவுக்கு மரங்கள் இரைவதற்கும் கடல் இரைவதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கூடாரத் துணி வயிற்றைப்போல் உப்பி உப்பி அடங்கியது. மணல்மூட்டைகள் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் நடுக்கம்பு வளைந்துவிட்டது. மகனும் இளையவளும் வண்டிக்குள் ஆச்சியிடம் ஓடிவிட்டார்கள். நான் பாத்திரங்களையும் அடுப்பையும் மரத்தடியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். தந்தையும் மூத்த மகளும் கம்பின் இரு புறத்திலும் நின்று அதனைப் பிடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அப்படியே நின்றார்கள்.

துணிக்கு வெளியே இருந்த எனக்கு அவர் குரல் கேட்டது. “அங்க போனப்புறம் இப்படிக் காத்து அடிச்சா யாரு வந்து பிடிப்பா?”

சற்றுநேரம் பதில் இல்லை. பிறகு, “அங்கயும் மனுசங்கதானப்பா இருப்பாங்க” என்றாள்.

“உடம்புக்கு முடியலன்னா?”

“இங்க முடியலன்னா என்ன செய்வீங்களோ அதை அவங்க செய்வாங்க. அடுத்தவங்களுக்கு நான் செய்வேன்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. காற்றுத் தணிந்ததும் வெளியே வந்து, நீர்க்குடத்தைக் கவிழ்த்து முகத்தில் ஊற்றிக்கொண்டார். முகம் கழுவுகிற நேரம் அன்று அது.

சனிக்கிழமை காலை பாம்பன் பாலத்தைக் கடந்தோம். சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்தில், 1914 முதல் நூறாண்டுக்கு மேல் தொண்டாற்றிய பழைய இரயில் பாலத்துக்கு மாற்றாக, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலம் நிற்கிறது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி முழுவதும் படுக்கைவாக்கில் மேலே எழும்புமாம். எழும்பும் காட்சியைக் காண மகன் அரைமணி நேரம் காத்திருந்தான். அன்று கப்பல் வரவில்லை.

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால். 1897 ஜனவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் கரையிறங்கிய இடம் இது. நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறையின் படகில் குருசடைத் தீவுக்குச் சென்றோம். பெயரைக் கேட்டதுமே மாமியார், “குருசடி இருக்குதா?” என்று ஆவலோடு படகேறிவிட்டார். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீரைக் காட்டினார். கண்ணாடிக்குக் கீழே வைத்ததுபோல் பவளங்கள்: சில மான்கொம்பு, சில மூளை, சில விரித்த விசிறி. வண்ணமீன்கள் அவற்றினூடே திருநாள் கூட்டம்போல் நெரிந்தன. ஆங்காங்கே வெளுத்துப்போன திட்டுகளும் இருந்தன; கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும் ஆண்டுகளில் பவளம் தன் நிறத்தை இழந்து வெளுத்துவிடுகிறது என்று மகள் சொன்னாள். இச்சிறு தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-ஆம் ஆண்டிலேயே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாக மாணவர்கள் படிக்கும் பலனோகுளோசஸ் என்னும் புழு இத்தீவின் மணலில் வாழ்கிறது. கல்லூரியில் கண்ணாடிக் குடுவைக்குள் பார்த்த அதன் ஊரை இன்று பார்த்தேன் என்று அவள் குழந்தையைப்போல் மகிழ்ந்தாள். தீவில் இரவு தங்க அனுமதியில்லை. அது நல்ல சட்டம். எங்களைப் போன்ற நூறு குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்டினால் பூங்கா எத்தனை நாளைக்கு நிற்கும்?

திரும்பும் வழியில் கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்களைக் கண்டோம். பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களைச் சேர்ந்த இவர்களுக்குப் பாசிதான் பிழைப்பு. பாறை கீறாதபடி விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி கட்டி, காலில் தகரத் தட்டைத் துடுப்பாக மாட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். பூங்கா எல்லைக் கட்டுப்பாடுகளால் இவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. பாசி வளர இடைவெளி வேண்டும் என்று, மாதத்தில் எடுக்கும் நாட்களைத் தாங்களே கூடி வரையறுத்துக்கொண்டவர்களும் இவர்கள்தாம். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது வழங்கப்பட்டது. கரையில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த பெண் ஒருவர், ஏழு வயதில் தாயோடு கடலுக்குள் போனதாகக் கூறினார். “பயமாயிருக்காதா அம்மா?” என்று என் கணவர் கேட்டார். “அம்மா பக்கத்துல இருந்தாங்க. இப்ப அவங்க இல்ல, கடல் பழகிருச்சு” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பிற்பகலில் தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனைவரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது, 2017-இல் திறந்தார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, கிறிஸ்து பிறப்புக்கு மூன்று நாட்களே இருந்தபோது, புயலும் கடலும் சேர்ந்து அந்த ஊரை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு அலைக்குள் போயிற்று. சென்னையிலிருந்து இரயிலில் வந்து, இங்கே கப்பலேறி இலங்கைத் தலைமன்னாருக்குச் செல்லும் பெரிய வழி அது. இன்று இடிந்த சுவர்கள் மிஞ்சியிருக்கின்றன. கூரையற்ற கோயில் ஒன்று நிற்கிறது. பீடம் இருந்த வளைவின் வழியாகக் கடல் தெரிகிறது. பவளக்கல்லால் எழுப்பிய சுவர்களில் அக்கல்லின் பூவடிவம் இன்னும் தெரிகிறது. அந்தக் கிறிஸ்மசுக்கு அங்கே குடில் கட்டத் தொடங்கியிருப்பார்கள் என்று மாமியார் சொன்னார். அவருக்கு அப்போது பதினேழு வயது. நாளேட்டில் வந்த செய்தியை அவருடைய தகப்பனார் உரக்கப் படித்ததும், அவ்வாண்டு நடுச்சாமப் பூசையில் ஊரார் அழுததும் நினைவிருக்கிறதாம். அவர் அவ்விடத்தில் மணலில் முழந்தாளிட்டு, ‘நித்திய இளைப்பாற்றி’ சொல்லத் தொடங்கினார். படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் கைப்பேசியைத் தாழ்த்தி, செபம் முடியும்வரை நின்றார்கள். அவர்கள் எந்தச் சமயத்தவரோ, அறியேன்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில், உப்பங்கழியில் பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆண்டின் தொடக்க மாதங்களில் அவை இங்கு வருகின்றன. கடலாமைகள் முட்டையிட வருவதும் இக்காலத்தில்தான். முட்டைகளை நாயும் நரியும் தின்றுவிடாதபடி வனத்துறையினர் சேகரித்து, வேலியிட்ட மணற்பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். “தாய் ஆமை திரும்பி வந்து பார்க்காதா?” என்றாள் இளையவள். வராது என்றாள் அக்கா. மாலையானதும் காவலர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். தனுஷ்கோடியிலும் இரவு தங்கக் கூடாது.

அன்றிரவு தங்கச்சிமடத்தில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் தங்கினோம். விளைமீன் குழம்பு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. இந்தத் தீவில்தான் மேதகு அப்துல் கலாமின் தந்தையாரும், இராமநாதசுவாமி கோயில் அர்ச்சகரும், போடல் அடிகளார் என்னும் நம் குருவும் நண்பர்களாய்க் கூடி ஊர்ப் பொதுக் காரியங்களைப் பேசுவது வழக்கம் என்று கலாம் அவர்கள் எழுதியிருக்கிறார். தோப்பின் வேலிக்கு அப்பால் பாங்கொலி கேட்டது. சற்றுப் பொறுத்து மூவேளைச் செப மணியும் கேட்டது.

ஞாயிறு திருப்பலிக்குக் காரங்காடு செங்கோல் மாதா கோயிலுக்குப் போய்விட்டோம். மீனவர் ஊர். கோயிலை விட்டு இறங்கினால் கழிமுகம். ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து இங்கே படகு விடுகிறார்கள். வருவாய் ஊருக்குப் பயன்படுகிறது. சமையலும் அவ்வூர்ப் பெண்களுடையதே. நண்டு இரசம் குடித்த மாமியார், இப்பயணத்தில் முதன்முறையாக, தம் கைச் சமையலைவிட நன்று என்று வேறொன்றைச் சொன்னார். அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேலே நீட்டிக்கொண்டு மூச்சுவிடுகின்றன. 2004-இல் ஆழிப்பேரலை வந்தபின்தான் இம்மரங்களின் அருமை நமக்குத் தெரிந்தது. படகோட்டி கடற்புல்லைக் காட்டி, கடற்பசு மேயும் புல் இது என்றார். வடக்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் ஒன்றையும் காணவில்லை. கொக்குகளும் நீர்க்காகங்களும் கண்டோம்.

இவ்வளவு தூரம் வந்தபின் ஓரியூருக்குப் போகாமல் திரும்புவதா என்றார் மாமியார். திட்டத்தில் இல்லாதது. ஆயினும் போனோம். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்த அம்மண் இன்றும் சிவந்தே இருக்கிறது. வந்தவர்கள் ஒரு பிடி எடுத்துச் செல்கிறார்கள். கோயில் நிழலில் உட்கார்ந்து மாமியார் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொன்னார். ஊர் உபதேசியாரிடம் சிறுவயதில் கேட்டதாம்.

இலிஸ்பனில் பெரிய குடும்பம். சிறுவன் யோவானுக்கு நோய் கண்டு சாகும் நிலை. தாய் சவேரியாரை வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக் காலம் சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பேன் என்று. பிழைத்தான். அணிவித்தாள். வளர்ந்தபின் அவன் அந்த அங்கியை நிரந்தரமாகவே அணிந்துகொண்டு, சவேரியார் போன நாட்டுக்கே போகிறேன் என்றபோது, அதே தாய் திருத்தந்தையின் தூதர்வரை சென்று முறையிட்டுத் தடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. 1673-இல் அவர் கப்பலேறிவிட்டார்.

என் கணவர் இடைமறித்தார். “நேர்ந்துகிட்டது அவங்கதான? பின்ன எதுக்குத் தடுத்தாங்க?”

“நேர்றது வேற, அனுப்புறது வேறலே” என்றார் மாமியார்.

“கடைசியில சம்மதிச்சாங்களா?”

மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. மூத்தவள்தான் சொன்னாள். மகன் இறந்த செய்தி போர்த்துக்கல் நாட்டை எட்டியபோது, அந்த அம்மையார் துக்க உடையில் அல்ல, திருநாள் உடையில் அரண்மனைக்கு வந்தார் என்று வரலாற்றில் இருப்பதாக. அவர் அதைக் கேட்டு வெகுநேரம் செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “சம்மதிச்சாங்களான்னு அதுல இல்லையே” என்று சொல்லிவிட்டு எழுந்து, எல்லோருக்கும் முன்பாக வண்டிக்கு நடந்தார்.

பரமக்குடியைத் தாண்டியபின் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். இருட்டிவிட்டது. மற்றவர்கள் இறங்கிக் கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மூத்தவளிடம், “அந்தத் தாள் வச்சிருக்கியா?” என்றார். எந்தத் தாள் என்று அவள் கேட்கவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் அதனை உடன் கொண்டுவந்திருந்தது எனக்கே தெரியாது. கடையின் மின்விளக்குக்குக் கீழே போய், கண்ணாடி போட்டுக்கொண்டு, அவர் அதனை முதலிலிருந்து படித்தார். வெள்ளைச் சேலை நான்கு. போர்வை ஒன்று. தட்டு ஒன்று, குவளை ஒன்று. திருவிவிலியம். கைவிளக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கைவிளக்குக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டு, கூடாரத்து விளக்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“பெட்டி தகரமா, வேறயான்னு இதுல போடலையே” என்றார்.

“எதுன்னாலும் சரிதாம்ப்பா.”

“அப்ப தகரந்தான். மழைத்தண்ணி இறங்காது” என்று சொல்லி, தாளை நான்காக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.